தெரிந்ததால் விட்ட பிழைகள்

பேசாலை
2003 பெப்ரவரி 9

மகள் அன்ரோனெற்றுக்கு,

அப்பா சந்தியோகு சொல்கிறேன், பெற்றிசியா ரீச்சர் எழுதுகிறா. நான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னேன். "அப்பிடியே எழுதினா கொழும்பில சிரிப்பினம், சந்தியோகு அண்ணை" என்று அவ திருத்தித்தான் எழுதுவாவாம். எழுதட்டும். சொல் அவவுடையது, கோபம் என்னுடையது.

ரெலிபோன் கடைக்கு வரச்சொல்லிக் கேட்காதே. அந்தக் குழாயில் எனக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கும்.

போன வருடம் யூலை பதினெட்டு, வியாழக்கிழமை, மன்னார்க் கோட்டு வாசலில் வைத்து நீ எனக்கு முதுகைக் காட்டினாய். "பெத்த பிள்ளைக்கு எதிரா சாட்சி சொன்ன ஆளோட எனக்குக் கதையில்லை" என்றாய். நீல நிறச் சட்டை போட்டிருந்தாய், கையில் மஞ்சள் பை. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. நான் கண்டதைச் சொன்னேன். சத்தியம் செய்துவிட்டு வேறு என்ன சொல்வது?

அது கிடக்கட்டும். இன்று எழுதுவது வேறு விஷயம். நீ சட்டக் கல்லூரிப் பரீட்சை எழுதினாயாம், நாலு புள்ளியால் தவறிவிட்டதாம். உன்னோடு படித்த றோஸ்மேரி கொழும்பிலிருந்து வந்தபோது கோயில் வாசலில் சொன்னாள். நீ பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. எங்கே பிழைத்தது?

என்ன கேள்விகள் கேட்டார்கள் என்று எழுது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தரம் காதில் விழுந்தால் போதும், பிறகு அது எங்கேயும் போகாது. அது உனக்குத் தெரியும். உனக்கும் அந்தத் தலைதான்.

இப்படிக்கு,
சந்தியோகு


கொட்டாஞ்சேனை
2003 பெப்ரவரி 23

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோட்டு வாசலில் சொன்னதை நான் திரும்ப எடுக்கவில்லை. தை மாதம் வந்த தீர்ப்போடு ஒரு வருடம் வள்ளம் ஓட்டக்கூடாது என்று டொமினிக் அண்ணாவின் அனுமதியைப் பறித்தார்கள். அவர் நீர்கொழும்பில் யாரோ ஒருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். அதை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பரீட்சையில் என்ன பிழை என்று கேட்டீர்கள். அதைத்தான் நானும் தேடுகிறேன். நான் வேலை செய்யும் வக்கீல் அமிர்தநாயகம் ஐயாவின் கந்தோரில் பழைய வினாத்தாள்கள் பதினொன்று இருந்தன. எல்லாவற்றையும் மூன்று தரம் செய்தேன். மூன்றாம் தரம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பிறகுதான் விளங்கியது, நான் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கவில்லை, விடைகளை ஞாபகம் வைத்திருந்தேன். ஞானோபதேச வகுப்பில் கேள்வியின் முதல் சொல்லிலேயே பதிலை ஒப்பிப்போமே, அப்படி. புதுத் தாள் வந்ததும் அந்த ஞாபகம் உதவவில்லை.

இந்த முறை வேறு மாதிரி. பரீட்சை செப்டம்பர் 27. வேலைக்குப் போகமுன் தினமும் ஒரு பகுதி, மணிக்கூடு வைத்து, புதுக் கேள்விகள் மட்டும். பிழைத்த ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, ஏன் பிழைத்தது என்று பக்கத்தில் எழுதுகிறேன். இது எனது கடைசி முயற்சி. இந்த முறையும் தவறினால் ஐயா என்னைக் கந்தோரில் முழுநேரத் தட்டெழுத்தாளராகப் போட்டுவிடுவார். மூன்று வருடம் படிக்க விடுமுறை கேட்டு மூன்றாம் தரம் அவர் முன்னால் நிற்க எனக்கு முகமில்லை.

உதவி வேண்டாம். ஆனால் கேள்வி கேட்டீர்கள், மூன்று எழுதுகிறேன்.

ஒன்று. ஐந்து வள்ளங்கள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளை இடது ஓரத்தில். நீலம் எந்த ஓரத்திலும் இல்லை. நீலத்துக்கு உடனடி வலப்பக்கம் சிவப்பு. சிவப்புக்கு வலப்பக்கத்தில் எங்கோ பச்சை, ஆனால் ஓரத்தில் இல்லை. மஞ்சள் எங்கே?

இரண்டு. ஒரு கரையில் உள்ள எல்லா வள்ளங்களும் நீலம். மத்தேசின் வள்ளம் அந்தக் கரையில் நிற்கிறது. அதன் நிறம் என்ன?

மூன்றாவது போன வருடம் நான் எழுதித் தவறிய தாளில் வந்த வாசிப்புப் பகுதி. ஞாபகத்தில் இருந்து எழுதுகிறேன். "சோழகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோர மீனவர் கடலுக்குச் செல்வதில்லை. அக்காலத்தில் வலை திருத்தியும் கருவாடு விற்றும் வாழ்கின்றனர்." இதை வைத்து ஐந்து கேள்விகள். முதலாவது: சோழக மாதங்களில் மீனவருக்குப் புதுமீனால் வருமானம் உண்டா?

அன்ரோனெற்


பேசாலை
2003 மார்ச் 4

மகளுக்கு,

மஞ்சள் வலது ஓரத்தில். ரீச்சர் வாசித்து முடிக்கமுன் சொல்லிவிட்டேன், அவவைக் கேள். வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள். ரீச்சர் கடதாசியில் கோடு கீறிப் பார்த்து, "சரிதான்" என்று முகத்தைச் சுழித்தா.

இரண்டாவது கேள்வி கேள்வியே இல்லை. மத்தேசு யார்? எந்த ஊர்? அவனுடைய வள்ளத்தை நான் காணவில்லை. காணாத வள்ளத்துக்கு நான் எப்படி நிறம் சொல்வது? ரீச்சர், "எல்லாம் நீலமெண்டு மேல சொல்லியிருக்கு" என்றா. சொன்னவர் யார், போய்ப் பார்த்தாரா?

மூன்றாவதைக் கேட்டு எனக்குக் கொதி ஏறிவிட்டது. இந்தத் தாளை எழுதினவர் கடலைக் கண்டவரா? சோழகத்தில் தென்கடல்தான் கொந்தளிக்கும். எங்கள் வடகடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் எங்களுக்கு மீன். வங்காலைச் சனம் கூட எங்கள் பக்கம் வந்து வாடிக் குடிசை போட்டுத் தொழில் செய்யும். புதுமீனால் வருமானம் உண்டு என்றுதான் எழுதவேண்டும். பெரிய எழுத்தில் எழுதவேண்டும். நீ அப்படித்தானே எழுதினாய்? எழுதியிருப்பாய். அதற்குப் புள்ளி தரவில்லை என்றால் அவர்களிடம் போய்க் கேள்.

சந்தியோகு


கொட்டாஞ்சேனை
2003 மார்ச் 15

அப்பா,

கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கடிதத்தை வாசித்தேன். சிரித்த சிரிப்பில் ஐயா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஓம், நான் அப்படித்தான் எழுதினேன். முதலாவதில் "உண்டு". அந்தப் பகுதியில் இருந்த ஐந்து கேள்விக்கும் நான் பேசாலைக் கடலைத்தான் எழுதினேன், தாளில் இருந்த கடலை அல்ல. ஐந்தும் பிழை. நான் தவறியது நாலு புள்ளியால்.

இத்தனை நாளும் நான் எனக்குத் தெரியாததைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். என்னை விழுத்தியது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. நீங்கள் கோபப்பட்டதை வாசித்திராவிட்டால் இந்த முறையும் அதே கோபத்தோடுதான் பரீட்சை மண்டபத்துக்குப் போயிருப்பேன். மத்தேசின் வள்ளம் நீலம் அப்பா. அவர் யாராக இருந்தாலும் நீலம். தாள் அப்படிச் சொல்கிறது, கேள்வி தாளுக்குள் நிற்கிறது.

பிழைக் கொப்பியில் இதுவரை இரண்டு தலைப்பு வைத்திருந்தேன். தெரியாமல் விட்ட பிழைகள், அவசரத்தில் விட்ட பிழைகள். நேற்று மூன்றாவது தலைப்புப் போட்டேன். தெரிந்ததால் விட்ட பிழைகள். பழைய பக்கங்களைப் புரட்டிப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாவதில்தான் கூடுதல்.

இனி ஒவ்வொரு கிழமையும் கேள்விகள் அனுப்புகிறேன். நீங்கள் எதற்குச் சண்டை பிடிக்கிறீர்களோ அதற்கு ரீச்சரைக் குறி போடச் சொல்லுங்கோ. அந்த இடங்களில்தான் நானும் விழுவேன்.

ஒன்று சொல்லாமல் விடமுடியவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது விளங்குகிறது. அன்று கோட்டில் நீங்களும் அப்படிச் செய்திருந்தால் அண்ணா இன்று தன் வள்ளத்தில் இருப்பார்.

அன்ரோனெற்


பேசாலை
2003 செப்டம்பர் 8

மகளுக்கு,

இருபத்துமூன்று கிழமை நீ கேள்வி அனுப்பினாய், நான் சண்டை பிடித்தேன். முதல் கிழமை பத்தில் ஏழுக்கு. போன கிழமை பத்தில் ஒன்றுக்கு, அதுவும் மாட்டு வண்டிக் கேள்விக்கு. நாற்பது கேள்வியை நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்தாய் என்று எழுதியிருந்தாய். முட்டுகிற கேள்வியில் நிற்காமல் அதைச் சுற்றிப் போய்விட்டுத் திரும்பி வருகிறாய் என்றும் எழுதியிருந்தாய். நல்லது.

ஆனால் மார்ச் பதினைந்தாம் தேதிக் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆறு மாதமாக நெஞ்சுக்குள் கிடக்கிறது. போன கடிதத்திலும் நீ அதையே வேறு சொல்லில் குத்தினாய். "நீங்கள் கூடுதலாகச் சொன்னதால்தான்" என்று. ஆனபடியால் இன்று சொல்கிறேன்.

கோட்டில் என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. அம்புறோசின் வக்கீல் கேட்டார்.

"டொமினிக்கின்ர வள்ளத்தில விளக்கு எரிஞ்சுதா?"

"இல்லை ஐயா."

"அம்புறோசின்ர வள்ளத்தில வந்து முட்டினது ஆர்?"

"டொமினிக், ஐயா. ஆனா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். இறங்கலாம்."

நான் டொமினிக்கின் வக்கீலைப் பார்த்தேன். அவர் வேறு யாருடையவோ கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "கேள்வியில்லை" என்றார். நான் இறங்கினேன். அவ்வளவுதான் நான் சொன்ன சாட்சி. நீ பின்வரிசை வாங்கில் இருந்தாய், நீயும் கேட்டாய்.

(இந்த இடத்தில் அண்ணை எழும்பிப் போய் முற்றத்தில் நின்றுவிட்டு வந்தார். – பெற்றிசியா)

அம்புறோசின் வள்ளம் எங்கே நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயில் கோபுரத்துக்கு நேரே கடலுக்குள் போகிற வழி, கடலில் இருந்து வருகிற வள்ளங்கள் கரை பிடிக்கிற வழி, அதில் ஒருவரும் நங்கூரம் போடுவதில்லை. எங்கள் கரையில் குழந்தைக்கும் தெரியும். அன்று அம்புறோஸ் அதில் போட்டிருந்தான். நடு வழியில். டொமினிக் வழக்கமாக வருகிற வழியால் வந்தான். விளக்கு எரியவில்லை, உண்மை. விடிந்து வெளித்துவிட்டது, விளக்கு எதற்கு? அதையும் கேட்கவில்லை. அந்த வழியில் ஒரு வள்ளம் நிற்கும் என்று யார் எதிர்பார்ப்பார்?

டொமினிக் ஏன் வக்கீலிடம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நானும் அவனைக் கேட்டேன். "அது எல்லாருக்கும் தெரியும்தானே அப்பா" என்றான். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். கோட்டில் இருந்தவர்கள் பேசாலைக் கரையைக் காணாதவர்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊருக்குத் தெரிந்தது கடதாசியில் இல்லை. கடதாசியில் இருந்தது, நான் சொன்ன இரண்டு பதில்.

இதை நான் உனக்குச் சொல்லியிருப்பேன். நீ நின்றால்தானே?

சந்தியோகு


கொட்டாஞ்சேனை
2003 செப்டம்பர் 15

அப்பா,

கடிதத்தை பஸ்ஸில் வைத்துப் பிரித்தேன். இறங்கவேண்டிய இடம் தாண்டி மூன்று தரிப்பிடம் போய்விட்டேன். மூன்று நாளாகக் கொப்பியைத் தொடவில்லை. மணிக்கூட்டை வைப்பேன், முதல் கேள்வியை வாசிப்பேன், கோபுரத்துக்கு நேரே நிற்கிற வள்ளம்தான் கண்ணில் நிற்கும்.

நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். உங்கள் "ஆனா" எனக்கும் கேட்டது. அண்ணாவுக்கு எதிராக இன்னும் சொல்ல வருகிறீர்கள் என்று நினைத்து, அதையே நீங்கள் கூடுதலாகச் சொன்னதாக ஞாபகம் வைத்திருந்தேன். என்ன "ஆனா" என்று ஏன் நான் கேட்கவில்லை?

இந்தச் சனிக்கிழமை வருகிறேன். அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பரீட்சை அடுத்த வருடமும் வரும். ஐயாவிடம் என்ன சொல்வது என்று பிறகு பார்ப்போம்.

அன்ரோனெற்


பேசாலை
2003 செப்டம்பர் 18

மகளுக்கு,

தபாலை நம்பவில்லை. பாயிஸின் கருவாட்டு லொறி இன்று கொழும்புக்கு வருகிறது, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கருவாடு மணக்கும், பொறுத்துக்கொள்.

வராதே.

வந்தால் பஸ்ஸடியிலேயே நின்று அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்புவேன். எழுபத்தொரு வயது, ஆனால் உன்னுடைய மஞ்சள் பையைத் தூக்கி உள்ளே போட இன்னும் பலமிருக்கிறது. டொமினிக்கை நான் போய்ப் பார்க்கிறேன். நீர்கொழும்புக்கு வழி கேட்டுப் போக எனக்கு எழுத்துத் தேவையில்லை, வாய் போதும்.

ஊரில் பிறந்தவர்கள் நாங்கள் எல்லாரும் அன்று அந்தக் கோட்டில் இருந்தோம். எங்களுக்காகக் கேட்க அங்கே ஒருவர்கூட இல்லை. அந்த ஆளாக நீ வரவேண்டும் என்றால் அந்தக் கல்லூரிக்குள் போகவேண்டும். போவதற்கு ஒரே ஒரு கதவு, அது இருபத்தேழாம் தேதி திறக்கிறது. இப்போது நீ இங்கே வந்து என் முன்னால் அழுதால் டொமினிக்குக்கு என்ன கிடைக்கும்? ஒரு வருடம் போய்விடும், அவ்வளவுதான்.

ஒன்பது நாள் இருக்கிறது. மணிக்கூட்டை வை. மத்தேசின் வள்ளம் நீலம். நானே சொல்கிறேன், நீலம்.

சந்தியோகு


கொட்டாஞ்சேனை
2003 செப்டம்பர் 28

அப்பா,

எழுதிவிட்டேன்.

பாயிஸ் வந்தது கந்தோர் வாசலுக்கு. காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மிஸ், உங்கட ஊர்க் கடிதம்" என்றார். அன்றைக்கே மணிக்கூட்டை வைத்தேன். எட்டு நாளும் முழுத்தாள், பரீட்சை தொடங்குகிற அதே நேரத்தில், இடையில் தண்ணீர்கூடக் குடிக்காமல். கடைசி நாள் ஒன்றும் செய்யவில்லை. பிழைக் கொப்பியின் மூன்றாம் தலைப்பை மட்டும் ஒரு தரம் வாசித்துவிட்டுப் படுத்தேன்.

நேற்று மண்டபத்தில் என் பக்கத்தில் இருந்த பிள்ளைக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். "அக்கா, நீங்களும் எழுதுறீங்களா, மேற்பார்வைக்கு வந்தீங்களா?" என்று கேட்டாள். இருபத்தேழு வயசிலும் எழுதலாம் என்றேன்.

ஏழாவது கேள்வி முட்டியது. விட்டுவிட்டுப் போனேன். பத்தொன்பதையும் விட்டேன். வாசிப்புப் பகுதி நெல் விளைச்சல் பற்றி. அடம்பன் பக்கத்துக் கமக்காரர் கேட்டால் அடிக்க வருவார்கள், அப்படி எழுதியிருந்தது. பென்சிலைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்தேன். தாள் சொன்னதை மட்டும் எழுதினேன், ஐந்துக்கும். பிறகு விட்ட இரண்டுக்கும் திரும்பி வந்தேன். ஏழாவது பிடிபட்டது. பத்தொன்பது பிடிபடவில்லை. ஒன்றைத் தெரிவுசெய்து குறி போட்டேன். முடியும்போது மூன்று நிமிடம் மிச்சம்.

என்னவாகும் என்று தெரியாது. ஆனால் போன முறை மாதிரி இல்லை. போன முறை எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இந்த முறை எங்கே பிழைத்திருக்கும் என்று தெரிந்துகொண்டு வந்தேன்.

அன்புடன்,
அன்ரோனெற்


கொட்டாஞ்சேனை
2003 டிசம்பர் 12

அன்புள்ள அப்பா,

எடுபட்டுவிட்டேன். அறுபத்தோராம் இடம். பட்டியலில் என் சுட்டெண்ணைக் கண்டதும் விரலை அதில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் "கொஞ்சம் விலகுங்கோ தங்கச்சி" என்று மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. ஐயாவிடம் சொன்னேன். "அப்ப எனக்கு இனித் தட்டெழுத்துக்கு ஆர்?" என்று முகத்தை நீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, கேக் வாங்க ஆள் அனுப்பினார்.

அண்ணாவின் விஷயமும் அவரிடம் கேட்டேன். தீர்ப்பை எதிர்க்கும் காலம் போய்விட்டதாம். ஆனால் தை மாதம் அண்ணா தன் அனுமதியைத் திரும்பக் கேட்கும்போது, கண்ட ஒருவரின் வாக்குமூலத்தைச் சமாதான நீதவான் முன்னால் எழுதிக் கைநாட்டு வைத்து இணைக்கலாம் என்றார். ஆகவே கேட்கிறேன். கண்டதை மட்டும் சொல்லுங்கோ, ஆனால் எல்லாவற்றையும் சொல்லுங்கோ.

2002 மே 21 காலை நீங்கள் எங்கே நின்றீர்கள்?
வெளிச்சம் எப்படி?
அம்புறோசின் வள்ளம் எங்கே நின்றது?
அந்த இடம் எதற்காக விடப்பட்டிருக்கிறது?
அதற்கு முன் யாராவது அங்கே நங்கூரம் போட்டு நீங்கள் கண்டதுண்டா?
டொமினிக் அந்த வள்ளத்தை எப்போது கண்டார்?

இது கோட்டுக்கு அல்ல, எனக்கு. அன்று வாசலில் நான் போன பிறகு, நீங்கள் எப்படி வீட்டுக்குப் போனீர்கள்?

இருபத்துநாலாம் தேதி பஸ்ஸில் வருகிறேன்.

அன்புடன்,
அன்ரோனெற்


பேசாலை
2003 டிசம்பர் 18

அன்பு மகளுக்கு,

ரீச்சர் உன் கடிதத்தின் முதல் வரியை மூன்று தரம் வாசித்தா. நான் கேட்டதால் அல்ல, அவவே வாசித்தா.

டொமினிக் பக்கத்தில் இருக்கிறான். ஒக்ரோபரில் கூட்டி வந்தேன். வாக்குமூலம் நாளை சமாதான நீதவானிடம் போகும். நான் சொல்லப்போவது இது.

நான் நின்றது கரையில், வலைக் கொட்டிலின் வாசலில். செவ்வாய்க்கிழமை. வெளித்துவிட்டது, கையில் உள்ள ரேகை தெரியும் அளவு. அம்புறோசின் வள்ளம் கோபுரத்துக்கு நேரே, கரையில் இருந்து நாற்பது பாகம் தூரத்தில் (இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்), நங்கூரத்தில் நின்றது. அந்த வழி வள்ளங்கள் கரை பிடிக்க விட்டிருக்கிற வழி. என் தகப்பன் காலத்திலும் அப்படித்தான். அங்கே நங்கூரம் போட்டதை அதற்கு முன் நான் காணவில்லை. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு உடைந்த வள்ளம் ஒன்று மூன்று நாள் அங்கே கிடந்தது. அது நங்கூரம் அல்ல, சேதம். டொமினிக் எப்போது கண்டான் என்பது எனக்குத் தெரியாது. அவனைக் கேள். நான் அவன் கண்ணுக்குள் இருக்கவில்லை.

இனி உன்னுடைய கேள்வி.

நடந்து போனேன். பேசாலை பஸ் வாசலில் நின்றது. உள்ளே முன்பக்கம் அம்புறோசின் ஆட்கள், பின்பக்கம் எங்கள் ஆட்கள். இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தது. கொண்டக்டர், "ஏறுங்கோ அப்பு, இடமிருக்கு" என்றான். எனக்கு எந்தப் பக்கத்தில் இடம் என்று தெரியவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டேன். தோட்டவெளியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். கரிசல் தாண்டும்போது செருப்பு அறுந்தது, கையில் பிடித்துக்கொண்டு போனேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, இன்று நீதான் கேட்டாய்.

இருபத்துநாலாம் தேதி நீ மன்னாரில் இறங்கும்போது நான் பஸ்ஸடியில் நிற்பேன். இரண்டு பேரும் பேசாலை பஸ்ஸில் முன்வாங்கில் இருந்து போவோம்.

அப்பா
சந்தியோகு